ரிவர்ஸ் விழாத கார்

போன வாரம் சந்தோஷ் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தான். செம்பூரில் சொந்தமாக கராஜ் வைத்திருக்கிறான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தமிழ் பேசுவான், படிக்க வராது. "அங்கிள், ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வந்திருக்கு. இத்தன வருஷமா கியர்பாக்ஸ் ஆயில் மாத்தவே இல்லயாம். கருப்பா கெடக்கு. இப்ப மாத்தினா சலேகா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வேலையை விட்டு வந்த பிறகும் கேள்வி விட்டபாடில்லை. ஈரத்தரையில் படுத்துப் படுத்து இடுப்பு போய்விட்டது, தாராவி வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்துதான் ஏறுகிறேன். ஆனால் காலையில் போனைத் திறந்தால் யாராவது ஒருத்தன் கருப்பு ஆயிலைப் படம் எடுத்து அனுப்பியிருப்பான். கருப்பாக இருந்தால் பரவாயில்லை, கருகின வாடை வருகிறதா பார். வந்தால் தொடாதே. உள்ளே தேய்ந்த கிளட்ச் பிளேட்டின் தூள்தான் அந்தப் பழைய ஆயிலோடு கலந்து கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புது ஆயில் ஊற்றினால் அந்தப் பிடிப்பும் போய்விடும். வாடை இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. எங்கள் ஃபோர்மன் சொன்னது இதுதான், நான் சொல்வதும் இதுதான். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் அந்த 'சலேகா'வை இன்றும் என்னால் சும்மா கேட்டுவிட முடியாது. காரணம் உண்டு. அதைக் குரல் செய்தியில் சொல்லி முடியாது. எழுதினால் சந்தோஷ் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மும்பைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். சலேகா என்றால் ஓடும் என்று அர்த்தம். பரவாயில்லை, செய்யலாம் என்றும் அர்த்தம். இந்திக்காரர்கள் வண்டி ஓடும் என்றால் 'சலேகி' என்று பெண்பாலில் சொல்லுவார்கள், சம்மதம் சொல்லும்போதுதான் 'சலேகா'. நமக்கு ஏது அந்த ஆண்பால் பெண்பால்? கார், சாயா, கல்யாணம் எல்லாமே நமக்கு சலேகாதான். எத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தாலும் நம் வாயில் அது திருந்தாது.

நான் நாங்குநேரிப் பக்கம். மாமா பின்னாலேயே வந்து தாராவியில் இறங்கினேன். மாஹிமில் ஒரு டாக்ஸி கராஜில் சாமான் கழுவினேன், அடி வாங்கினேன், கிளட்ச் போடக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு. பிறகு செம்பூரில் ஒரு சேட்டின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த கார் அப்போது ஊரிலேயே அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வந்தது, தூதரகக்காரர்கள் விற்றது, பணக்காரர்கள் ஆசைக்கு வாங்கியது, இவ்வளவுதான். எந்த மெக்கானிக்கும் அதைத் தொடப் பயப்படுவான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மட்டும் தொடுவோம், காரணம் ஃபோர்மன் ஞானராஜ் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குத் தூத்துக்குடி. கப்பலில் இஞ்சின் ரூமில் இருந்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையை வெள்ளிக்கிழமையே தேய்த்து வைத்துவிடுவார், அவ்வளவு ஒழுங்கு. சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வேலை செய்தோம்.

ஆட்டோமேட்டிக் கியரின் ஆயிலைப் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வண்டியை தேவனார் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும், ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். வந்ததும் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் நின்று, கடைசியில் பார்க்கில் விட வேண்டும். அதன் பிறகுதான் அளவுக் கம்பியை உருவுவார். இஞ்சின் ஆயிலைப் பார்க்கிற மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். கம்பியைத் துடைக்க பனியன் துணி கூடாது, பழைய வேட்டித் துணிதான். "ஒரு நூல் உள்ள போச்சுன்னா வால்வு சிக்கிக்கிடும்ல. பொறவு அடியில இருக்க ஆயில் சட்டியக் கழத்தித்தான் எடுக்கணும், பாத்துக்கோ." ஒரு சொட்டை பேப்பரின் வெள்ளை ஓரத்தில் விட்டு அது பரவுகிறவரை பேசாமல் நிற்பார். கடைசியில் கம்பியை வண்டிக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"மோந்து பாருங்க சார்."

பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு மோந்து பார்ப்பார்கள். "நீங்களே மோந்துட்டா, நாளைக்கு நான் ஏமாத்திட்டேன்னு சொல்ல மாட்டீங்க" என்பார் அண்ணாச்சி. அதில் ஒரு குறும்பும் உண்டு, நான் கவனித்திருக்கிறேன்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது இயந்திரமில்லை, பெயர்கள்தான். மாஹிமிலிருந்து ஒரு வண்டி வந்தது, இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. டிரைவர் நல்ல மனுஷன். ஆயில் குறைந்திருக்கிறது என்று கடையில் போய் 'கியர் ஆயில்' கேட்டு வாங்கி ஊற்றியிருக்கிறான். கடைக்காரன் கேட்டதைக் கொடுத்தான். சாதாரண கியர் ஆயில் தேன் மாதிரி கெட்டி. ஆட்டோமேட்டிக்குக்கு வேண்டியது தண்ணீர் மாதிரி ஓடுகிற சிவப்பு ஆயில். கியருக்கு கியர் ஆயில் ஊற்றியது தப்பா என்று அவன் கேட்டான். அண்ணாச்சி கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. "பேரு வச்சவனத்தான் ஒதைக்கணும்" என்றார். அந்த வண்டி தப்பித்தது.

இனி நான் சொல்ல வந்த வண்டி. மாட்டுங்காவில் வைதேகி மேடம் என்று ஒருவர். செம்பூரில் ஒரு ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதில் போலியோவில் இடது கால் போய்விட்டது, இரும்புச் சட்டம் போட்டு ஒரு கைத்தடியோடு நடப்பார். கிளட்ச் மிதிக்க முடியாது. ரயில்வே பாலத்தில் ஏறி இறங்க முடியாது. டாக்ஸிக்காரர்கள் கைத்தடியைப் பார்த்தால் நிற்க மாட்டார்கள். அவருடைய அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அவர் தனியாக வேலைக்குப் போனார், தனியாகக் கச்சேரிக்கு சயான் போனார். "இந்த வண்டி நின்னுடுத்துன்னா நானும் ஆத்துலயே நின்னுட வேண்டியதுதான், ஃபோர்மன்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். அண்ணாச்சி அதற்குச் சிரிக்கவில்லை. அந்த வண்டியை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டார், என்னைத் தவிர.

ஒரு ஜூலை மாதம் நல்ல மழை. கிங் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவது மும்பையில் செய்தியே இல்லை. மேடம் ஆபீஸுக்குக் கிளம்பியவர் அதில் மாட்டிக்கொண்டார். கதவுப் பிடிவரை தண்ணீர், இஞ்சின் அணைந்துவிட்டது. அவர் கட்டடத்திலேயே குடியிருக்கும் ராமநாதன் என்பவர் முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவரைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். பிறகு பக்கத்து ஓட்டலிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார்.

அண்ணாச்சிதான் எடுத்தார், நான் பக்கத்தில் நின்றேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. மும்பையில் யார் எடுத்தாலும் போன் இந்தியில்தான் தொடங்கும். ராமநாதன் இந்தியில் கேட்டார், டெம்போ கிடைத்திருக்கிறது, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரட்டுமா என்று. அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தினார்.

"நஹி சலேகா! நஹி சலேகா!"

அப்படிச் செய்யக் கூடாது என்பது அவர் சொன்னதன் அர்த்தம். வண்டி ஓடாது என்று ராமநாதன் காதில் விழுந்தது. ஓடாத வண்டியை இழுத்துத்தானே வர வேண்டும்? "டீக் ஹை, டீக் ஹை" என்று சொல்லி வைத்துவிட்டார். அண்ணாச்சியும் போனை வைத்தார். "நல்ல மனுசன். சொன்னதும் புரிஞ்சிக்கிட்டாரு" என்று என்னிடம் சொன்னார்.

ஏன் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியருக்குள் ஆயிலைச் சுற்ற வைக்கும் பம்ப் இஞ்சினோடு சேர்ந்துதான் ஓடும். இஞ்சின் அணைந்திருக்கும்போது கியரோடு இணைந்த சக்கரங்கள் ரோட்டில் உருண்டால், உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் ஒன்றோடொன்று உரசும். அதோடு அன்றைக்கு கியர்பாக்ஸுக்குள் வெள்ளமும் போயிருந்தது. வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வெளியே வந்திருக்கும். அசையாமல் இருந்தால் பிழைக்கும், அசைந்தால் போச்சு.

மத்தியானம் வாசலில் டெம்போ ஹார்ன் அடித்தது. பின்னால் கயிற்றில் கார். ஸ்டியரிங்கில் ராமநாதன், டெம்போவின் முன்சீட்டில் மேடம், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு. மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாகச் செம்பூர் வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணாச்சி மழையில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது.

"யாருவே இழுக்கச் சொன்னது?"

ராமநாதன் கார்க் கண்ணாடியை இறக்கினார். "நீங்கதானே சொன்னேள், வண்டி ஓடாதுன்னு!"

இரண்டு பேரும் தமிழர்கள். 'இழுக்காதீங்க' என்று ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் இரண்டு பேர் வாயிலும் இருந்தது. அதை விட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் சரியாக வராத பாஷையில் கத்தியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேடத்துக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்கோளேன்" என்று டெம்போவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். அந்த வயதில் படுக்க வேண்டிய அவசியமில்லை, நான் இருந்தேன். அடி போல்ட்டைத் திறந்ததும் வந்தது சிவப்பு ஆயில் இல்லை. ரோஸ்மில்க். தண்ணீரும் ஆயிலும் கடைந்த மாதிரி கலந்து, நுரையோடு வந்தது. அவர் கை அதில் நனைந்தபடியே கிடந்தது. "மேடத்துக்கிட்ட நான் சொல்லுதேன். நீ சட்டியக் கழத்து" என்றார்.

சட்டியைக் கழற்றினோம். அதற்குள் இருக்கும் காந்தத்தில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. வடிகட்டியை மாற்றினோம், சட்டியைக் கழுவி வேட்டித் துணியால் துடைத்தோம், நனைந்த இஞ்சின் பிளக்குகளையும் காய வைத்தோம். சட்டியில் வருவது பாதிகூட இல்லை, மிச்சம் உள்ளே, இஞ்சினையும் கியரையும் இணைக்கும் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் புது ஆயில் ஊற்றி, ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, இஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, வருவதை வெளியே எடுத்து, மறுபடி ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி ஒரு சொட்டைப் பேப்பரில் விட்டுப் பார்த்தார். ரோஸ், பிறகு கொஞ்சம் குறைந்த ரோஸ், பிறகு கலங்கின சிவப்பு. கடைசியில் சுத்தச் சிவப்பு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அவர் படவில்லை. பிளேட்டில் ஒட்டியிருக்கும் பட்டை காகிதம் மாதிரி, தண்ணீர் குடித்தால் பசை விடும். அது விட்டதா இல்லையா என்பது ஆயிலைப் பார்த்துத் தெரியாது.

மேடம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ராமநாதன் கொடுத்த சாயா அப்படியே ஆறிப்போயிருந்தது. அண்ணாச்சி உட்கார்ந்து லீவரை டி-யில் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டி முன்னால் நகர்ந்தது. மேடம் கையைக் கூப்பிவிட்டார். பிறகு அண்ணாச்சி ரிவர்ஸில் போட்டார். இஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும். அதற்குமேல் இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

திறந்து பிளேட் மாற்றலாம், ஆனால் அந்த கியர்பாக்ஸுக்குச் சாமான் இந்த ஊரில் கிடையாது. சேட்டுக்கு உல்லாஸ்நகரில் சொந்தக்காரர்கள், எதையும் செய்து தருவார்கள் என்று பெயர். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். புது ஆட்டோமேட்டிக் கார் மேடத்தின் சம்பளத்துக்கு எட்டாத சமாச்சாரம். அண்ணாச்சி இதையெல்லாம் ஒளிக்காமல் அவரிடம் சொன்னார். போனில் நடந்ததையும் சொன்னார். "தப்பு எம் பேர்லதாம்மா. நான் தமிழ்ல கேட்டிருக்கணும்." மேடம் கைத்தடியால் வண்டிப் பக்கம் காட்டினார்.

"முன்னாடி போறதோன்னோ?"

"போகும்மா. எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாது."

"அது போறும். பின்னாடி போறதுக்கு நான் எங்கே கிளம்பினேன்?"

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு மேடத்தின் கட்டடத்துக்குப் போனார். எந்த இடத்தில் நிறுத்தினால் ஸ்டியரிங் ஒடிக்காமல் நேரே வெளியே போகலாம், எங்கே தரை சாய்வாக இருக்கிறது என்று பார்த்தார். திங்கள்கிழமை ஆபீஸ் வளாகத்துக்கும் போய் வாட்ச்மேனிடம் பேசினார். அன்றிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் யாரும் சலேகா சொல்லக் கூடாது என்று உத்தரவு. 'ஓடும்', 'ஓடாது', 'செய்', 'செய்யாதே', இவ்வளவுதான் சொல்லலாம். போனை எடுத்தால் முதல் கேள்வி "தமிழா?" மராத்திக்காரர்கள் எல்லாம் திகைத்துப் போவார்கள்.

சாமான் தேடுவதையும் அவர் விடவில்லை. குர்லாவில் பழைய வண்டி உடைக்கிற இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. மேடம் ஆயில் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "கஷ்டமா இருக்காம்மா?" ஒரே பதில்தான். "ஒண்ணும் கஷ்டமில்லே, ஃபோர்மன். ஜம்முனு போறது." அண்ணாச்சி கொஞ்சம் நிம்மதியாவது தெரியும். இரண்டு வருஷம் அப்படி. பிறகு அண்ணாச்சி நெஞ்சுவலியில் போய்விட்டார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மேடம் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டே இருந்தார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

வண்டி அதற்குப் பிறகும் ஓடியது. ஆயிலை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். மேடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கண் பார்வை சரியில்லை, இனி ஓட்ட வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். பழைய சாமான்காரனிடம் கொண்டுபோய் விட என்னைக் கூப்பிட்டார்.

குர்லாவில் ஒரு சந்துக்குள் திரும்பினேன். அடுத்த சந்துக்குப் பதில் இதில் திரும்பிவிட்டேன், எதிரே சுவர். பழக்கத்தில் லீவரை ரிவர்ஸில் போட்டேன். இஞ்சின் உறுமியது. அப்போதுதான் உறைத்தது. பின்னால் ஒரு டெம்போக்காரன் வந்து ஹார்ன் அடித்தான், அவனுக்குப் பின்னால் இரண்டு ஸ்கூட்டர். என் வாழ்நாள் முழுக்க ஆட்டோமேட்டிக் கியர் வேலை பார்த்தவன், இறங்கி நின்று "பாய், ஜரா தக்கா" என்று, கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருவன் திட்டினான். ஒருவன் சிரித்தான். பிறகு நாலு பேர் தள்ளினார்கள். என்னால் இறங்கியாவது கேட்க முடிந்தது. மேடம் இத்தனை வருஷமும் சீட்டிலிருந்தபடியே, கண்ணாடியை இறக்கி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டிருப்பார். சரியாக்கிவிட்டோம் என்று நாங்கள் கொடுத்தனுப்பிய வண்டி இது.

வேலை முடிந்ததும் போன் செய்தேன்.

"வண்டி ஒழுங்கா போச்சா, முத்து?"

"போச்சு மேடம்."

"எங்கயாவது மாட்டிண்டேளா?"

"குர்லாவுல ஒரு சந்துல, மேடம்."

"வெக்கமா இருந்திருக்குமே. எனக்கு மொதல் வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தது. சில நாள் கண்ணாடிய ஏத்திண்டு அழுதுட்டுத்தான் யாரையாவது கூப்பிடுவேன். ஃபோர்மன்கிட்ட மட்டும் சொல்ல மனசு வரலே."

அண்ணாச்சி இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேனா என்று வீடு வரும்வரை யோசித்தேன். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.